ஆட்சித் தலைவனும் ஆராய்ச்சி மணியும்

அனுராதபுரத்தில் வீற்றிருந்து அரசாண்ட எல்லாள மன்னனின் கதையை அறியாதார் நம்மில் இலர். அவன் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டுவித்து, அதில் நீண்டதொரு கயிற்றையும் பிணைத்து வைத்தான். நீதி வேண்டி வருவோர் எவராயினும் அக்கயிற்றை இழுத்து மன்னனை அழைக்கலாம். கன்றை இழந்த பசுவொன்று வந்து மணியை அசைத்தபோது, அக்கன்றின்மேல் தேர் செலுத்திய தன் மகனுக்கே அவன் மரண தண்டனை விதித்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. தமிழகத்தில் மனுநீதிச் சோழன்மேல் வைத்து வழங்கும் கதையும் இதுவே. தன் காவியத் தலைவனுக்குப் பகைவனாய் நின்ற ஒருவனை, நீதி தவறாத வேந்தன் என்று போற்ற மகாவம்ச ஆசிரியர் தயங்கவில்லை என்பதும் நாம் மறக்கத்தகாத செய்தியாகும்.

ஆயினும் இக்கதையைக் கேட்கும்போது நாம் எழுப்பாத வினா ஒன்று உண்டு. அந்த மணியைக் கட்டியவன் யார்? மன்னன். அவன் விரும்பினான், கட்டினான். விரும்பாத மற்றொருவன் அரியணை ஏறி அதனை அவிழ்த்தெறிந்தால், ஏனென்று கேட்பதற்கு எந்தக் கயிற்றைப் போய் இழுப்பது? முடியாட்சியிலே குடிகள் செய்யக்கூடியதெல்லாம், நல்லவன் ஒருவன் அரசனாக வரவேண்டுமே என்று தெய்வத்தை வேண்டிக்கொள்வதுதான். குடியாட்சியின் பெருமை, அதில் நல்லவர்களே தலைவர்களாக வருவார்கள் என்பதன்று. வருகின்ற தலைவர் எத்தகையவராயினும் மணி அவர் கையில் இல்லை என்பதே அதன் பெருமை. அதைக் கட்டுவது சட்டம். அவிழ்க்கும் உரிமை ஆள்பவருக்கு இல்லை.

இக்கூற்று நம் இலங்கைத் திருநாட்டில் எங்கே மெய்யாயிற்று, எங்கே பொய்யாயிற்று என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

1972 ஆம் ஆண்டில் இலங்கை குடியரசாயிற்று. அன்றைய சனாதிபதி பெயரளவிலேயே நாட்டின் தலைவர். ஆட்சியை நடத்தியவர் பிரதமர். 1978 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4 ஆம் திகதி, ஜே. ஆர். ஜெயவர்தன நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதற் சனாதிபதியாகப் பதவியேற்றார். அதே ஆண்டு செப்தெம்பர் 7 ஆம் திகதி புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாட்டின் தலைவரும், அரசாங்கத்தின் தலைவரும், ஆயுதப் படைகளின் தலைவரும் ஒருவரே. அமைச்சர்களை அமர்த்துபவரும் விலக்குபவரும் அவரே.

இத்தனை அதிகாரங்களோடு ஒரு மதிலும் அவரைச் சுற்றி எழுப்பப்பட்டது. அதுதான் அவ்வரசியலமைப்பின் 35 ஆம் உறுப்புரை. ஒருவர் சனாதிபதியாகப் பதவி வகிக்குங் காலம் வரை, அவர் பதவி முறையிற் செய்ததற்காயினும், தனிப்பட்ட முறையிற் செய்ததற்காயினும், எந்த நீதிமன்றத்திலும் அவர்மேல் வழக்குத் தொடுத்தலாகாது என்று அது விதித்தது. இதனை விடுபாட்டுரிமை என்பர்.

இவ்வுரிமைக்கு நியாயமே இல்லையென்று கூறிவிட முடியாது. நாட்டின் சுமையைத் தாங்குகின்ற ஒருவரை நாளுக்கொரு வழக்கில் நீதிமன்றப் படிக்கட்டுகளில் நிறுத்தினால், ஆட்சி எவ்வாறு நடைபெறும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி பொருத்தமானதே. ஆனால் இங்கே இரு வேறு பொருள்கள் ஒன்றாய்க் கலந்துவிட்டன. பதவியிலிருப்பவரின் ஆளுக்குப் பாதுகாப்பு அளிப்பது ஒன்று. அவர் செய்த செயலுக்குப் பாதுகாப்பு அளிப்பது மற்றொன்று. ஆளைக் கூண்டில் ஏற்றாதிருக்கலாம். அவர் கையொப்பமிட்ட கட்டளை சட்டத்துக்கு ஒத்ததா என்பதையும் எவரும் கேட்கலாகாது என்றால், அந்நாட்டில் சட்டத்துக்கு மேலே ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதன்றி வேறு பொருள் இல்லை.

அப்படியானால் தவறிழைக்கும் சனாதிபதியை அகற்ற வழியே இல்லையா என நீங்கள் வினவலாம். வழி உண்டு, 38 ஆம் உறுப்புரை அதனைக் கூறுகின்றது. பாராளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அல்லது பாதிப் பேராவது கையொப்பமிட்டு, குற்றச்சாட்டு விசாரணைக்கு உரியதெனச் சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பின்னர் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்கு வாக்களிக்க வேண்டும். பின்னர் உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளி எனக் கூற வேண்டும். அதன் பின்னும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டுமொரு முறை வாக்களிக்க வேண்டும். 1991 ஆம் ஆண்டில் சனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக இம்முயற்சி தொடங்கப்பெற்றது. சபாநாயகர் எம். எச். முகம்மது முதலில் அறிவித்தலை ஏற்றுக்கொண்டார். பின்னர், போதிய செல்லத்தக்க கையொப்பங்கள் இல்லையெனத் தள்ளிவிட்டார். இவ்வழியில் பதவியிழந்த சனாதிபதி எவரும் இந்நாட்டில் இலர்.

நேயர்களே, எதேச்சாதிகாரம் எப்பொழுதும் வாளேந்தி வருவதில்லை. சட்டத்தின் உடையணிந்து, சபையின் நடுவாயிலால், வாக்குகளை எண்ணிக்கொண்டும் அது வரும். 1982 ஆம் ஆண்டு திசெம்பர் 22 ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்று நடத்தி, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே மேலும் 6 ஆண்டுகள் நீட்டினர். 2010 ஆம் ஆண்டு செப்தெம்பரில் நிறைவேறிய 18 ஆம் திருத்தம், ஒருவர் இருமுறைக்கு மேல் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்படலாகாது என்ற தடையை நீக்கிற்று. இரண்டும் சட்டத்தின் பெயராலேயே நிகழ்ந்தன. மூன்றாம் முறையும் பதவி வேண்டி நின்ற மகிந்த ராசபக்சவை 2015 ஆம் ஆண்டு சனவரி 8 ஆம் திகதி மக்கள் தம் வாக்குகளாலேயே திருப்பியனுப்பினர். ஆனால் வாக்கு என்பது ஆண்டுகள் பல கழித்து வருகின்ற மணி. இடையில் நடப்பதைக் கேட்க மற்றொரு மணி வேண்டும்.

அந்த மணி அதே ஆண்டில் கட்டப்பட்டது. 2015 ஆம் ஆண்டு ஏப்பிரல் 28 ஆம் திகதி பாராளுமன்றம் நிறைவேற்றிய 19 ஆம் திருத்தத்தில் மூன்று செய்திகள் நம் கருத்துக்குரியன. ஒருவர் இருமுறைக்கு மேல் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்படலாகாது என்ற தடை மீண்டும் வந்தது. பாராளுமன்றம் கூடி நாலரை ஆண்டுகள் கழியும் முன்னர், உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி, சனாதிபதி அதனைக் கலைக்கலாகாது என்ற விதி வந்தது. மூன்றாவதாக, 35 ஆம் உறுப்புரையின் மதிலில் ஒரு சாளரம் திறக்கப்பட்டது. சனாதிபதி பதவி முறையிற் செய்த செயல் ஒருவரின் அடிப்படை உரிமையை மீறுமாயின், சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக வைத்து உயர் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். ஆளைக் கூண்டில் ஏற்றுவதில்லை. செயல் மட்டும் தராசில் ஏறும். முன்பு நாம் பிரித்துப் பார்த்த அவ்விரு பொருள்களும் இவ்வாறு சட்டத்திலும் பிரிக்கப்பட்டன.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சாளரத்துக்குச் சோதனை வந்தது.

2018 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 26 ஆம் திகதி இரவு, சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி, மகிந்த ராசபக்சவைப் பிரதமராக நியமித்தார். மறுநாளே பாராளுமன்ற அமர்வை நிறுத்தி ஒத்திவைத்தார். நவம்பர் 9 ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு வர்த்தமானிப் பிரகடனம் ஒன்றினால் பாராளுமன்றத்தையே கலைத்தார். அந்தப் பாராளுமன்றம் முதன்முதலாகக் கூடியது 2015 ஆம் ஆண்டு செப்தெம்பர் 1 ஆம் திகதி. நாலரை ஆண்டுகள் நிறைய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. தம் செயலுக்கான காரணங்களைச் சனாதிபதி நாட்டு மக்களுக்கு எடுத்துரைக்கவே செய்தார். ஆனால் காரணம் உண்டா என்பது ஒரு வினா. அதிகாரம் உண்டா என்பது வேறொரு வினா.

திங்கட்கிழமை விடிந்ததும் கயிறுகள் இழுபட்டன. கட்சிகள் பல உயர் நீதிமன்றத்தை நாடின. தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினராயிருந்த பேராசிரியர் இரத்தினஜீவன் கூல் அவர்களும் மனுத் தாக்கல் செய்தார். அவ்வழக்குகளுள் முதன்மையானதைத் தொடுத்தவர், திருகோணமலையின் பிரதிநிதியும் அன்றைய எதிர்க்கட்சித் தலைவருமாகிய இராஜவரோதயம் சம்பந்தன். இன்று அவர் நம்மிடையே இல்லை. ஆயினும் சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்ற அவ்வழக்கின் பெயர், இந்நாட்டில் சட்டம் பயிலும் மாணவர் படிக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

நவம்பர் 13 ஆம் திகதி, கலைப்புப் பிரகடனத்தை இடைநிறுத்தி உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. மறுநாள் பாராளுமன்றம் கூடிற்று. 122 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறியதாகச் சபாநாயகர் கரு ஜயசூரிய அறிவித்தார். அதன் பின்னர் அச்சபையில் நிகழ்ந்தவை நாடு நாணத்தக்கவை. நாற்காலிகள் வீசப்பட்டன, மிளகாய்த்தூள் தூவப்பட்டது, நவம்பர் 16 ஆம் திகதி சபாநாயகர் பொலிசார் புடைசூழச் சபைக்குள் வந்து வாக்கெடுப்பை நடத்தினார். திசெம்பர் 3 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், புதிய பிரதமரும் அமைச்சர்களும் அப்பதவிகளில் இயங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

உயர் நீதிமன்றத்தில் எழுந்த வாதத்தின் சாரத்தை எளிய முறையிற் கூறுவேன். பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் சனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று அரசியலமைப்பின் ஓரிடம் கூறுகின்றது. நாலரை ஆண்டுகள் கழியும் முன்னர் கலைக்கலாகாது என்று மற்றோரிடம் கூறுகின்றது. முன்னது தனித்து நிற்கும் முழு அதிகாரம் என்றது அரசின் தரப்பு. முன்னது அதிகாரத்தைச் சொல்கிறது, பின்னது அதன் எல்லையைச் சொல்கிறது, இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்றது மனுதாரர் தரப்பு. திசெம்பர் 13 ஆம் திகதி, பிரதம நீதியரசர் நளின் பெரேரா தலைமையில் அமர்ந்த 7 நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது, மனுதாரரின் அடிப்படை உரிமை மீறப்பட்டது, பிரகடனம் செல்லாது. திசெம்பர் 15 ஆம் திகதி ராசபக்ச பதவி விலகினார். மறுநாள் விக்கிரமசிங்க மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார். நாட்டின் தலைமையைப் பற்றிய பூசல், 51 நாட்களுக்குப் பின்னர், துப்பாக்கியின்றி முடிந்தது.

இதில் வென்றவர் ஒரு கட்சியினர் என்று கொள்வது பிழை. அன்று அத்தீர்ப்பினாற் பயன் பெற்ற அதே ரணில் விக்கிரமசிங்க, 2022 ஆம் ஆண்டு யூலையிற் பதிற் சனாதிபதியாக இருந்தபோது அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தார். அச்செயல் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஆம் ஆண்டு யூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கிற்று. பாராளுமன்றத்தைக் கலைத்த சிறிசேனவோ, பதவி நீங்கிய பின்னர் வேறொரு வழக்கிற் பதில் கூற வேண்டியவரானார். 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வெடித்த குண்டுகளுக்கு 250 பேருக்கு மேற்பட்டோர் பலியாயினர். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக, அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இதற்கு முன்னோடியாக, 2008 ஆம் ஆண்டிலேயே, பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட பத்தரமுல்லைக் காணி தனியாருக்குக் கைமாறிய வழக்கில், முன்னாட் சனாதிபதி சந்திரிக்கா குமாரதுங்க 30 இலட்சம் ரூபாய் செலுத்துமாறு பணிக்கப்பட்டிருந்தார். அதிகாரம் என்பது மக்கள் ஒருவரிடம் ஒப்படைத்து வைத்த நம்பிக்கைப் பொருள். வைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வைத்தவருக்கு உண்டு என்பதே இத்தீர்ப்புகளின் அடிப்படை.

இவற்றையெல்லாம் கேட்டு, மணி என்றும் ஒலித்துக்கொண்டேயிருக்கும் என்று நாம் கண்ணயர்ந்துவிடலாகாது. கயிற்றை அறுக்கவும் ஆட்கள் உண்டு. 2013 ஆம் ஆண்டு சனவரியில், அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்பு வழங்கிய பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க குற்றப் பிரேரணையினாற் பதவி நீக்கப்பட்டார். 2020 ஆம் ஆண்டில் 20 ஆம் திருத்தம் முன்வைக்கப்பட்டபோது, 2015 இல் திறந்த சாளரத்தை மீண்டும் அடைப்பதற்கு அதில் இடம் வைக்கப்பட்டிருந்தது. குடிமக்கள் பலர் உயர் நீதிமன்றம் சென்றனர். மக்கள் தீர்ப்பின்றி அதனைச் செய்யலாகாது என நீதிமன்றம் கூறவே, அப்பகுதி மாற்றப்பட்டது, சாளரம் தப்பிற்று. ஆனால் நாலரை ஆண்டு என்ற எல்லை இரண்டரை ஆண்டாகச் சுருங்கிற்று. 2022 ஆம் ஆண்டு ஒக்தோபரில் நிறைவேறிய 21 ஆம் திருத்தம் சனாதிபதியின் அதிகாரங்கள் சிலவற்றைக் குறைத்தபோதும், அந்த எல்லையை முன்போல் நீட்டவில்லை.

தீர்ப்பு என்பது பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்த பின்னர் வருவது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய்க்கும் சமையல் வாயுவுக்கும் நாம் நின்ற வரிசைகளை எவரும் மறந்திரார். நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்கள் அவை. மக்கள் வீதிக்கு வந்தனர். சனாதிபதி கோட்டாபய ராசபக்ச நாட்டை விட்டு வெளியேறி, யூலை 14 ஆம் திகதி பதவி விலகினார். அப்பொருளாதார வீழ்ச்சிக்கு அவரும், அவர் சகோதரர் இருவரும், உயர் அலுவலர் சிலரும் பொறுப்பாளிகள், பொது நம்பிக்கையை மீறியவர்கள் என்று 2023 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறிற்று. வழக்கிட்டவர்களுள் ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஒருவரும் இருந்தார். தீர்ப்பு வரலாற்றிற் பதிந்தது. வரிசையில் நின்ற நாட்கள் மீளவில்லை.

இனி, நம்மவர் பலர் உள்ளத்தில் எழும் வினாவுக்கு வருகின்றேன். கொழும்பில் எவர் அமர்ந்தால் நமக்கென்ன? மன்னர்கள் மாறுவர், நம் குறைகள் மாறுவதில்லையே என்பர். இவ்வாறு சொல்வோரின் மனக்கசப்புக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நீதி தேடி ஆண்டுக் கணக்கிற் காத்திருப்போர் நம்மிடையே பலர். எனினும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பெரும்பான்மையினருக்குத் தலைவர் பிடிக்கவில்லையென்றால், அடுத்த தேர்தலில் அவரை மாற்றிவிட அவர்களால் இயலும். எண்ணிக்கையிற் சிறியோருக்கு அந்த வலிமை இல்லை. அவர்களுக்கு உள்ளது எழுதிய சட்டமும் அதனைக் காக்கும் மன்றமும்தான். ஆள்பவரைக் கட்டும் கயிறு தளரும்போது முதலில் துன்புறுவோர் எண்ணிக்கையிற் சிறியோரே. ஆகையால், 2018 இல் திருகோணமலையிலிருந்து ஒருவர் சென்று அக்கயிற்றை இழுத்தது பிறர் சண்டையில் நாம் தலையிட்ட செயலன்று. அது நம் வீட்டுக் கூரையை நாமே தாங்கிய செயல்.

நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது யாது? நம் அரசியலமைப்பின் ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். சட்டமூலம் ஒன்று சட்டமாகிவிட்ட பின்னர், அது செல்லுமா செல்லாதா என்று இந்நாட்டின் எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. கேள்வி கேட்பதற்குரிய காலம், சட்டமூலம் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டதை அடுத்து வரும் சில நாட்கள் மட்டுமே. அந்நாட்களில் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அவ்வாறே, ஆட்சித் துறையின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் 126 ஆம் உறுப்புரையின்கீழ்த் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ அந்நீதிமன்றை நாடலாம். அதற்கும் கால எல்லை உண்டு. தாழ்த்தினால் கதவு மூடிவிடும். ஆதலின் வர்த்தமானியில் வருவதைப் படித்துச் சொல்லும் இளைஞர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ஒன்று இருத்தல் வேண்டும். அது தூசி படியாமலும் இருத்தல் வேண்டும்.

செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். மன்னனுக்கு அறம் உரைப்பதன்றி அக்காலத்துப் புலவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு வழி உண்டு. 2018 இல் அது திறந்திருந்ததைக் கண்டோம். ஆள்பவர் நல்லவரா என்று மட்டும் கேட்டு அமைந்துவிடாமல், அவர் நல்லவராக இல்லாதுபோனால் அவரைக் கேட்க என்ன வழி வைத்திருக்கிறோம் என்றும் கேட்டுப் பழகுவோமாக. நமக்குப் பிடித்த தலைவர் பதவியில் இருக்கும்போதே இக்கேள்வியைக் கேட்க வேண்டும். பிடிக்காதவர் வந்த பிறகு கேட்பது காலங்கடந்த கேள்வியாகிவிடலாம்.